அண்ணாவின் பேரில் கிடக்கும் பொய்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, எங்களோடு பந்தியில் இருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கனடாவிலும் லண்டனிலும் ஊரிலும் இருந்து தொலைபேசியில் மட்டும் அழ முடிந்தவர்களுக்கும் வணக்கம்.

இப்படியான மலர்களில் தம்பிமார் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒஸ்லோவில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பண்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே" என்று தொடங்கிவிட்டால் மீதி தானாக வந்துவிடும்; உறவுமுறையை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்து, மீசையும் தொந்தியுமாக வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரை "மங்கையர் குல விளக்கு" என்று அச்சடித்து இருநூறு பிரதி விநியோகித்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரைகளை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

இதைத் தயவுசெய்து வாசியுங்கள்.

அண்ணாவின் மகள், என் பெறாமகள், எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு என்னைப் பிடித்து முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "சித்தப்பா, சிகரம் ஒண்டும் வேண்டாம். அப்பாவுக்கு நடந்ததை எழுதுங்கோ." நடந்ததை எழுதினால் யார் மாட்டுப்படுவார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

எங்கள் உறவுக்குள் அண்ணாவைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அகதி விண்ணப்பத்தில் பொய் சொன்னவர். அந்தப் பொய்யைச் சொந்தத் தம்பிக்கே சொல்லி, அவனையும் நம்பவைத்து, அவனிடமே சாட்சிக் கடிதம் வாங்கியவர். அதனால் பெண்சாதியையும் பிள்ளையையும் ஒன்பது வருடம் வவுனியாவில் ஒரு வாடகை அறைக்குள் அந்தரிக்க விட்டவர். மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாள். அந்தக் கதை பிழை. பொய் என்னுடையது. இதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே இரண்டு பேர்தான். அதில் ஒருவரை முப்பத்தொரு நாளுக்கு முன் தகனம் செய்துவிட்டோம். மிஞ்சியிருக்கும் மற்றவருக்கும் வயது அறுபது தாண்டிவிட்டது, இரத்த அழுத்தமும் இருக்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

அண்ணா புன்னாலைக்கட்டுவனில் பிறந்தார். செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் விளையும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிள் உழக்க வேண்டும். உழக்கிப் போக எங்களுக்குக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் பரம்பரையாகச் சைவம். மீன் வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் அம்மா யன்னலைச் சாத்துவார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

ஐயாவுக்கு முதுகு விழுந்ததும் அண்ணா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தோட்டத்தைப் பொறுப்பெடுத்தார். தம்பி படிக்கட்டும் என்றார். தம்பி படித்தான். படித்து, மாணவர் விசாவில் நோர்வே வந்து, இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டினான். அண்ணா படிப்பை விட்டதால் இந்த நாட்டுக்குக் கிடைத்தது ஒரு பஸ் சாரதி.

அண்ணாவுக்குத் தோட்டத்தை விடத் தோட்டத்து மெஷினில்தான் கண். நீர் இறைக்கும் மெஷின் எதுவும் அவர் கைக்கு அடங்கும். பெற்றோல் வராமல் தடைபோட்ட காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு மெஷினை எழுப்பி, எழுந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவைக்கும் வித்தையில் எங்கள் பக்கத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. அந்தப் பெயர்தான் அவருக்கு வினையாக வந்தது. ஒருநாள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, "அண்ணை, மெஷின் ஒண்டு பாக்க வேணும், ரெண்டு நாள் வேலை" என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு நாள் வேலை பதினான்கு வருடம் நடந்தது.

அது இயக்கத்தின் கடல் பிரிவு. கடற்படை என்றதும் வெள்ளைச் சீருடையையும் சாம்பல் நிறக் கப்பலையும் நினைக்க வேண்டாம். மீன்பிடிக்கிற பைபர் வள்ளங்கள். முன்னுக்கு இரும்புத் தகடு ஒட்டி, ஓர் எஞ்சின் பூட்ட வேண்டிய இடத்தில் இரண்டு மூன்றைப் பூட்டி, வேகத்தைக் கூட்டிவிட்டு, அதற்குக் கடற்படை என்று பெயர் வைத்திருந்தார்கள். எஞ்சின்களில் சில வாங்கியவை. பல, கரையோர மீனவரிடம் கேட்டு எடுத்தவை. கேட்காமல் எடுத்தவையும் உண்டு. அவற்றைத் திருத்துகிற வேலை அண்ணாவுக்கு. உதிரிப்பாகம் கிடையாது. எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்து ஊற்றுகிற றப்பர்ச் சக்கரம் தேய்ந்தால், பழைய லொறி ரயரில் அதே அளவுக்குக் கத்தியால் செதுக்கிப் போடுவார். கிழக்குக் கரையில் ஒரு வாடிக் கொட்டில், ஓலைக் கூரை, நட்டுக் கழற்றும் சாவிப் பெட்டி ஒன்று. அதுதான் கடற்படையின் கப்பல் கட்டும் தளம்.

அண்ணாவுக்கு நீந்தத் தெரியாது. முதல்முறை சோதனை ஓட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அரை மணித்தியாலத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டதாம். பிறகும் இரண்டொரு தடவை முயன்று பார்த்துவிட்டு, "உந்தாளைக் கரையிலை விடுங்கோ, வள்ளம் கழுவவே நேரம் போகுது" என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். பதினான்கு வருடக் கடற்படைச் சேவையில் அண்ணா கடலுக்குப் போன நேரம் எல்லாம் சேர்த்து ஒரு முழுநாள் வராது.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தாலும் மெஷினைப் பற்றித்தான் கதைப்பார். ஒருமுறை மட்டும், ஒஸ்லோ அம்மருட்டில் அவருடைய வீட்டுப் பல்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் வழக்கம்போல் பகிடியாக, "அண்ணா, உங்கடை ரயர் றப்பர் எத்தினை நாள் தாக்குப் பிடிச்சது?" என்று கேட்டேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"திரும்பி வந்த எஞ்சினிலைதான் தம்பி பிழை பிடிக்கலாம்," என்றார். "வராததுக்கு எது பிழைச்சதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

படகுகளுக்குச் செத்தவர்களின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். அந்தப் படகும் போய் வராவிட்டால், அந்தப் பெயர்க்காரர் இரண்டாம் தடவையும் போனதாகிவிடும். அதனால் அண்ணா படகுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு எஞ்சின் இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினாராம். விடியற்புறம் வாடி வாசலில் நின்று காது கொடுத்தால், வருகிறது எந்த இலக்கம் என்று சத்தத்திலேயே பிடிப்பார். சில விடியல்களில் வெயில் ஏறும்வரைக்கும் நின்றிருக்கிறார். இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சமாதானம் என்று சொல்லப்பட்ட கொஞ்ச வருடத்துக்குள், காலம் தாழ்த்தி, அண்ணியைக் கைப்பிடித்தார். ஒரு பெண் குழந்தை. பிறகு எல்லாம் முடிந்த விதம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கரையில் எஞ்சின் திருத்தினாரோ அதே கரையால், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வெளியே வந்தார். முகாம், விசாரணை, திரும்பவும் முகாம். தாடியும் மெலிவும் கிறீஸ் ஏறிய நகமுமாக நின்றவரை யாரோ ஒரு மெஷின்காரன் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மகளுக்கு நாலு வயது நடக்கும்போது, அண்ணியையும் அவளையும் வவுனியாவில் விட்டுவிட்டு, ஏஜென்சி மூலம் ஒஸ்லோ வந்து இறங்கினார். நான் போய்க் கூட்டிவந்தேன். இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "என்னடா, வயிறு வைச்சிட்டுது."

இனித்தான் என்னுடைய பங்கு.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குள் கேஸ் எழுதுவதில், அதாவது அகதி விண்ணப்பத்துக்குக் கதை சொல்லிக் கொடுப்பதில், கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். நான் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இயக்கம் என்று வாய் திறந்தால் கேஸ் அந்த இடத்திலேயே முடிந்தது என்று கோயில் வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டிருக்கலாம். பஸ்ஸில் தினமும் ஒரு சட்டத்தரணி அலுவலக வாசலைக் கடந்துதான் போய்வந்தேன். அங்கே பஸ் தரிப்பும் இருந்தது. நான் இறங்கவில்லை.

லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அண்ணாவை இருத்தி, நானே கதை கட்டினேன். அண்ணா கரையோரம் பதினான்கு வருடம் இருந்திருக்கிறார். அதை மறைக்க முடியாது. கரையோரம் இருக்கிறவர் யார்? மீனவர். ஆகவே அண்ணா மீனவர். இரண்டு பக்கமும் சண்டைபிடிக்க, நடுவில் தொழில் செய்ய முடியாமல் தப்பிவந்த அப்பாவி மீனவர். எனக்கே என் மூளையைப் பார்க்க வியப்பாக இருந்தது.

அண்ணா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டவில்லை.

"தம்பி, அந்தச் சனத்தின்ரை எஞ்சினையும் எடுத்தம்," என்றார். "இப்ப தொழிலையும் எடுக்கச் சொல்லுறாய்."

"ரெண்டு மணித்தியாலத்துக்குத்தானே அண்ணா. விசாரணை முடியத் திருப்பிக் குடுத்திடலாம்" என்றேன்.

பகிடி விட்டால் அண்ணா மறுக்கமாட்டார் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் சிரித்தார். சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மீன் சாப்பிடாத பரம்பரையில் பிறந்த ஒருவரை மீனவர் ஆக்க வேறொரு பரம்பரைச் சைவன் பயிற்சி கொடுத்தான் என்பதை இப்போது எழுதும்போது என் கை கூசுகிறது. எனக்கு மட்டும் மீனைப் பற்றி என்ன தெரியும்? நோர்வே வந்த பிறகு சமன் மீன் தின்னப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். அண்ணாவைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போய், உறைபெட்டியில் கிடந்த பொதிகளைக் காட்டி, இது பாரை, இது விளைமீன், இது அறக்குளா என்று படிப்பித்தேன். கடைக்காரர் இரண்டு தரம் வந்து என்ன வேணும் என்று கேட்டார். கடைசியில் கூச்சத்துக்கு ஒரு பொதி வெண்டிக்காய் வாங்கினோம்.

அதோடு விடவில்லை. ஒரு சாட்சிக் கடிதமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நான் ஊரைவிட்டு வந்த பிறகு அண்ணா கரையோரம் போய் மீன்பிடித் தொழில் செய்தார் என்றும், அதை அவர் எனக்குக் கடிதங்களில் எழுதி வந்தார் என்றும். அவர் எனக்கு எழுதிய கடிதங்களில் இருந்தது வேறு. என்னைக் கொண்டுபோய் எஞ்சின் திருத்த வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குச் சொல்லாதே என்று எழுதியிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைத்தேன்.

விசாரணையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு வந்த மறுப்புக் கடிதத்தில் நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். மாரி காலத்தில் என்ன மீன் படும் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணா "எல்லாம் படும்" என்றிருக்கிறார். அதிகம் பிடித்தது எது என்றதற்கு அறக்குளா என்றிருக்கிறார். எவ்வளவு பெரிது என்றதற்குக் கையால் காட்டியிருக்கிறார். ஆள் நீளத்துக்கு வளரும் அறக்குளாவை, உள்ளங்கை அகலத்தில், வட்டமாக. பாவம், கடை உறைபெட்டியில் வெட்டி வைத்த துண்டைத்தான் அவர் கண்டிருந்தார். வீட்டில் மீனை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் அண்ணா உண்மை பேசியிருக்கிறார். கடிதத்தில் அது இப்படி இருந்தது: "விண்ணப்பதாரர் தாமும் தமது குடும்பத்தினரும் மரக்கறி மட்டுமே உண்பவர்கள் எனத் தெரிவித்தார்."

என் வாழ்நாளில் நான் சொந்தமாகக் கற்பனை செய்து எழுதிய ஒரே கதை அது. அதை ஒருவரும் நம்பவில்லை.

முதல் மறுப்பு. மேன்முறையீடு. இரண்டாம் மறுப்பு. அவ்ஸ்லாக் என்றால் மறுப்பு; அண்ணா படித்த முதல் நோர்வேஜியச் சொல் அதுதான். இதற்குள் அவரை வடக்கே ஓர் அகதி முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். மொத்தாக் என்று சொல்லுவோமே, அது. மலைகளுக்குள் நுழையும் கடலான ஃபியோர்ட்டின் ஓரத்தில் ஒரு பழைய ஹொட்டேல். மாரியில் வெளிச்சம் மூன்று மணித்தியாலம். கிழமைக்கு மூன்று நாள் மீன் போடுவார்கள். மீனவராக விண்ணப்பித்த அண்ணா உருளைக்கிழங்கு மட்டும் எடுப்பார். சமையல்காரருக்கு அவரை விளங்கவே இல்லையாம்.

அந்த முகாமின் பொறுப்பாளரிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. அதன் எஞ்சின் இரண்டு கோடைகாலமாக எழும்பவில்லை. அண்ணா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிட்டப் போய், சைகையால் கேட்டு, மூடியைத் திறந்தார். மத்தியானத்துக்குள் எஞ்சின் ஓடியது. "ஏறுங்கள், ஒரு சுற்றுப் போவோம்" என்றாராம் பொறுப்பாளர். அண்ணா இரண்டு கையையும் ஆட்டி மறுத்து, கரையிலேயே நின்று, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இதை அந்த மனிதர் அண்ணாவின் புதுச் சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சட்டத்தரணி அம்மையார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கள் அண்ணன் மீனவர் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று. அது என்னவென்று தெரிந்தால் நான் வாதாடலாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் பஸ்ஸை இறுதித் தரிப்பில் நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்த ஓட்டத்துக்கு நாலு நிமிடம் இருந்தது. நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். கடிதத்தில் எழுதியதுதான் எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

அதே கிழமை அண்ணாவும் எடுத்தார். "தம்பி, உந்த அம்மா நல்ல மனிசி. உள்ளதைச் சொல்லட்டோ?"

"விசர் வேலை பாக்காதேங்கோ அண்ணா. என்ரை கையெழுத்தெல்லோ கிடக்கு."

"ஓம்," என்றார். "உன்ரை கையெழுத்துக் கிடக்கு."

பொய்ச் சாட்சிக்கு என் குடியுரிமையைப் பறிப்பார்கள், வேலை போகும், வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும் என்றெல்லாம் எனக்குள் ஒரு பயம். உண்மையில் என்ன செய்திருப்பார்கள் என்று நான் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. விசாரித்தால் பயம் பொய் என்று தெரிந்துவிடுமோ என்றும் பயம். அண்ணா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வேண்டாம் என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். இப்படி இரண்டு வருடம் போனது. உறவினர்களே, ஒன்பது வருடத்தில் மற்ற ஏழுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் பங்கு பிரித்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் முழுதாக என்னுடையது.

அந்த இரண்டு வருடமும் அண்ணா ஞாயிறு தோறும் வவுனியாவுக்கு எடுப்பார். மகள், "அப்பா எப்ப எங்களைக் கூப்பிடுவியள்?" என்று கேட்பாள். வாற தைக்கு என்பார். தை வரும், போகும். அவளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது ஒரு ஞாயிறு அண்ணி தொலைபேசியை நீட்ட, பின்னால் பிள்ளையின் குரல் அண்ணாவுக்குக் கேட்டிருக்கிறது: "எனக்குக் கதைக்க ஒண்டும் இல்லையம்மா."

திங்கட்கிழமை அவர் சட்டத்தரணிக்கு எடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. புதன்கிழமை எனக்குச் சொன்னார்.

"சொல்லிப்போட்டன் தம்பி. வாடி, எஞ்சின், எல்லாம். உன்ரை பேருக்கு ஒண்டும் வராது. உனக்கும் கடிதத்திலை பொய்தான் எழுதினனான், நீ நம்பித்தான் கையெழுத்து வைச்சனி எண்டு சொல்லியிருக்கிறன். ஆரும் கேட்டா அதிலையே நில்."

"சரி அண்ணா" என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னது அவ்வளவுதான்.

உண்மை எடுபட்டது. ரயர் றப்பரில் சக்கரம் செதுக்கியதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க அண்ணா விளக்கியிருந்தார்; அறக்குளாவைப் பற்றிக் கேட்டபோது தடுமாறிய அதே மனிதர். சண்டை பிடித்தவர் அல்ல, திரும்பிப் போனால் ஆபத்து உண்டு என்று ஏற்றுக்கொண்டு அனுமதி கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தில், விண்ணப்பதாரர் முன்னர் அதிகாரிகளையும் தமது சகோதரரையும் தவறாக வழிநடத்தினார் என்றும் ஒரு வரி இருந்தது. உறவுக்குள் நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரிந்தவன் என்று என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அந்த வரியையும் மொழிபெயர்த்து வாசித்தேன். கதை அப்படித்தான் புறப்பட்டது. இதுவரை யார் பரப்பினார்கள் என்று யோசித்தவர்கள் இனி யோசிக்க வேண்டாம்.

பிறகு குடும்ப இணைவுக்கு இன்னுமொரு காத்திருப்பு. அண்ணியும் மகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மகளுக்குப் பதின்மூன்று. அண்ணா தோளில் சுமந்து வந்த பிள்ளை அவருடைய தோளுக்கு வளர்ந்திருந்தாள். அவரைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். விருந்தினருக்குச் சொல்வதுபோல.

அண்ணா அம்மருட் அடுக்குமாடியில் குடியிருந்து, அந்தக் கட்டிடங்களின் பராமரிப்பு ஆட்களோடு வேலை செய்தார். பனி தள்ளும் மெஷினும் புல்லு வெட்டும் மெஷினும் அவர் பொறுப்பு. புது மெஷின் வாங்க அவர் விடமாட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் செத்தவீட்டில் வந்து சொன்னார்கள். மகளோடு கதைக்க அவருக்கு வராது. அவளுடைய பாடசாலைச் சைக்கிளைக் கிழமைக்கு ஒருக்கால் கழற்றிப் பூட்டுவார். அது ஒருநாளும் பழுதாகவில்லை.

இன்னும் ஒன்றை எழுதினால்தான் இந்தக் கட்டுரை முழுமையாகும். மகளுக்குப் பதினாறு வயதில் ஒரு கலியாணவீடு. வழக்கம்போல் நான்தான் அறிவிப்பாளர். மணமக்கள் உடைமாற்றி வரப் பிந்திவிட்டது, சபை அலுத்துப்போயிருந்தது, சிரிக்கவைக்க ஏதாவது வேண்டும். ஒலிவாங்கியில், "மீன் சாப்பிடாத மீனவர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்" என்று தொடங்கினேன். உள்ளங்கை அகல அறக்குளா வரை போனேன். மண்டபம் குலுங்கியது. அண்ணா நாலாவது வரிசையில் இருந்து சிரித்தார். பக்கத்தில் மகள் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனாள். நான் அடுத்த பகிடிக்குப் போனேன்.

அண்ணாவின் நுரையீரலில் நோய் என்று சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கடைசிக் கிழமைகளில் நான் தினமும் போய் இருந்தேன். ஒருநாள் மத்தியானம், அறையில் வேறொருவரும் இல்லாத நேரம், "அண்ணா, நான் எல்லாருக்கும் சொல்லப் போறன்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "என்னத்தை?" என்றார்.

"மீனவர் கதையை. அது என்ரை எண்டு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொல்லுறதெண்டா நான் போனாப் பிறகு சொல்லு. இருக்கேக்கை சொன்னியெண்டா சனம் வந்து விளக்கம் கேக்கும். எனக்குக் களைப்பாக் கிடக்கு."

"பிள்ளைக்காவது?"

"அவளுக்குச் சொல்லத்தான் வேணும்," என்றார். "நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்ததாப் போயிடும். நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். ஒன்பது நாளில் அண்ணா போய்விட்டார்.

இனி நன்றிகள். இரவு பகலாகக் கவனித்த மருத்துவமனைத் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், முப்பத்தொரு நாளும் சமைத்துக்கொண்டு வந்த அம்மருட், பியோர்ண்டால் வீட்டுக்காரருக்கும், அண்ணாவோடு வேலை செய்தவர்களுக்கும், தன் படகு எஞ்சினால் அவரை அடையாளம் கண்ட முகாம் பொறுப்பாளருக்கும், ஓய்வு பெற்ற பிறகும் ஊன்றுகோலோடு செத்தவீட்டுக்கு வந்த சட்டத்தரணி அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிழக்குக் கரையில் எஞ்சினைப் பறிகொடுத்த மனிதர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அண்ணாவுக்கு அவர்கள் நினைவு கடைசிவரை இருந்தது என்று மட்டும் பதிகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் அம்மருட்டுக்குக் கொண்டுபோய் அண்ணியிடமும் மகளிடமும் கொடுத்தேன். அண்ணி வாசித்து முடித்துவிட்டு எழுந்து அறைக்குள் போனார். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. கிரியைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றியுடையவன்.

மகள் இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா உங்களை ஏசினவரோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஒருநாளும் இல்லை."

"அப்ப நான் ஏசலாமோ?"

"ஏசு" என்றேன்.

ஏசினாள். தமிழில் தொடங்கி, தமிழ் போதாமல் நோர்வேஜியனுக்குப் போய், திரும்பவும் தமிழுக்கு வந்தாள். தொலைபேசிக்கு வராமல் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். கலியாண மண்டபத்து வாசலில் தனிய நின்றதைச் சொன்னாள். விமான நிலையத்தில் "வணக்கம்" என்றதைச் சொன்னாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏசினாள். நான் பகிடி ஒன்றும் விடவில்லை. விட வரவுமில்லை. எல்லாம் முடிந்த பிறகு தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி என் கையில் தந்தாள்.

"ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கோ, சித்தப்பா."

வெட்டவில்லை.

தம்பி
லோறென்ஸ்கூக்